இழுக்கக் கூடாத குமிழ்

மாமா சேகரிப்பது ரயில்வே பாக்கெட் கடிகாரங்களை மட்டும்தான். என்ஜின் டிரைவர்களும் கார்டுகளும் ஒரு காலத்தில் பையில் வைத்திருந்தவை. வேறு கடிகாரத்தைத் தங்கத்தில் செய்து கொடுத்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். மாமா அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருக்கிறார். "ஓடாத கடிகாரத்துக்கு ஒரு பீரோ, என் புடவைக்கு ஒரு அட்டைப் பெட்டி" என்பாள் அம்மா. நான் வேதியியல் படித்தவள் என்பதால் பாகங்களைக் கழுவி எண்ணெய் இடுவது என் வேலை. எனக்கும் பிடித்த வேலை. யாரோடும் பேச வேண்டியதில்லை.

தொட வருகிறவர்களுக்கு மாமா சொல்லும் முதல் விதி: சாவி கொடுக்கும் குமிழைத் திருகலாம், இழுக்கக் கூடாது. மற்ற கடிகாரங்களில் குமிழை இழுத்துத்தான் நேரத்தை மாற்றுவோம். ரயில்வே கடிகாரத்தில் அப்படி வைத்தால் பைக்குள் எதிலாவது மாட்டி இழுபட்டு, டிரைவருக்கே தெரியாமல் முள் நகர்ந்துவிடலாம். அதனால் முன் கண்ணாடியைக் கழற்றி, ஓரத்தில் இருக்கும் சின்ன நெம்புகோலை நகத்தால் வெளியே இழுத்த பிறகுதான் முள் நகரும்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற என்ஜின் டிரைவர் ஒருவர் இருக்கிறார். அவருடைய கடிகாரத்தின் மேல் மாமாவுக்கு வெகுநாளாக ஒரு கண். ஒருநாள் காலையில் அவரே அதை எடுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, இது நின்னு போச்சு. பொண்ணு வீட்டுக்கே போயிடலாம்னு இருக்கேன். ஓட வெச்சுக் குடுத்தா கையோட எடுத்துட்டுப் போவேன். முடியாதுன்னா நீங்களே வெச்சுக்குங்க. செத்ததைச் சுமந்துட்டுப் போய் என்ன பண்றது?"

அவர் போனதும் அம்மா சொன்னாள்: "செத்துதான் இருக்கணும்னு வேண்டிக்கோடா."

"நான் அப்படிப்பட்டவனா அக்கா?"

"நீ இல்லடா. உன் பீரோ அப்படிப்பட்டது."

நான் கடிகாரத்தைக் காதருகே வைத்து லேசாக ஆட்டினேன். கொஞ்ச நேரம் ஓடி நின்றது.

"எண்ணெய் காஞ்சிருக்கு மாமா. கழுவினா ஓடும்."

"ஓடட்டும், நல்லதுதானே" என்றார். முகம் அப்படிச் சொல்லவில்லை.

அதன் உறைக்குப் பின்பக்கம் திறப்பு கிடையாது. முன் கண்ணாடியைக் கழற்றினால், இயந்திரம் முழுவதும் ஒரு கீலில் கதவு போலத் திரும்பி வெளியே வரும். அப்படிப்பட்ட உறை மாமாவிடமும் ஒன்று உண்டு. இருப்பதிலேயே அவருக்கு உசத்தியானது அதுதான். விற்றவர் திறந்து காட்டியதோடு சரி, மாமா அதைத் திறந்ததே இல்லை. இப்போது கண்ணாடியைக் கழற்றி, விளிம்பில் நகத்தைக் கொடுத்து நெம்பினார். வரவில்லை. "துரு" என்றார். இன்னும் கொஞ்சம் அழுத்தினார். சுள்ளி ஒடிவது போல ஒரு சத்தம்.

குமிழின் தண்டு உள்ளே நுழைந்து அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருந்திருக்கிறது. குமிழை முதலில் இழுத்திருந்தால் தானே திறந்திருக்கும். கடிகாரங்களைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவர் கண்டிப்பாக இழுத்துப் பார்த்திருப்பார்.

மாமா ஒடிந்த துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஓடாதுன்னு சொன்னா பொய் இல்லையே" என்றார் மெதுவாக. "இப்ப ஓடாதுதானே?"

நான் கழுவும் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே, "காலையில ஓடிச்சே மாமா" என்றேன்.

அவர் துண்டைக் கீழே வைத்தார். எழுந்து பீரோவைத் திறந்தார். ஒரு திருகாணிகூட மாறாதது என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டும் அந்த உசத்தியான கடிகாரத்தை எடுத்து, அதன் குமிழையும் தண்டையும் கழற்றினார். என்னைத் தொட விடவில்லை. டிரைவருடைய உறை வெள்ளை, இந்தக் குமிழ் தங்க நிறம். ஒட்டாமல்தான் தெரிந்தது. மீதியை நான் கழுவி எண்ணெய் இட்டேன். ஓடியது.

டிரைவர் வந்ததும் மாமா எடுத்த எடுப்பிலேயே சொன்னார்: "ஐயா, திறக்கும்போது தண்டை ஒடிச்சுட்டேன். என்னோடதுல இருந்து எடுத்துப் போட்டிருக்கேன்."

டிரைவர் அதைக் காதில் வைத்துக்கொண்டார். வெகுநேரம் எடுக்கவில்லை.

"நல்லா ஓடுதே. இதை ஏன் எங்கிட்ட சொல்றீங்க?"

"குமிழ் நிறம் வேற. பார்த்தா தெரிஞ்சுடும்."

"எனக்கு எங்க தம்பி கண்ணு தெரியுது?"

உள்ளே அம்மா சிரிப்பது கேட்டது. மாமா சிரிக்கவில்லை.

"அப்ப உங்களோடது?" என்று கேட்டார் டிரைவர்.

"அது பீரோலதானே இருக்கப் போகுது."

டிரைவர் தலையாட்டினார். கடிகாரத்தைச் சட்டைப் பையில் போட்டு, மேலே ஒருமுறை கையை வைத்துப் பார்த்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மாமா தன் கடிகாரத்தை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினார். குமிழ் இருந்த இடத்தில் ஓட்டை.

"தூசி போகும். கொஞ்சம் பஞ்சு இருந்தா குடு" என்றார்.

பிய்த்துக் கொடுத்தேன். உருட்டி அடைத்தார்.