அழித்த டிஸ்க்கின் எண்

அன்று முன்னறையில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலை ஒட்டிய மேஜையில், லேப்டாப்புக்கு நேர் எதிரே, கம்ப்யூட்டர் மெக்கானிக். அவர் தோளுக்கு ஒரு முழம் பின்னால் முக்காலியில் மனு அக்கா. சோபாவில் கால்மேல் கால் போட்டபடி அவளுடைய கணவர். அவர் பக்கத்தில் அவருடைய சகலை, அதாவது மனு அக்காவின் தங்கை வீட்டுக்காரர். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் ஸ்டோர் அதிகாரி. தங்கை உள்ளறை வாசலில் உட்கார்ந்து, அக்கா வீட்டுத் துணிகளைத் தன் வீட்டுத் துணிபோல மடித்துக்கொண்டிருந்தாள்.

மனு அக்கா என்பது தெரு வைத்த பெயர். எழுத வராதவர்களுக்கும், எழுதினால் வம்பு வருமென்று பயந்தவர்களுக்கும் விண்ணப்பம், புகார், பதில் எல்லாம் எழுதிக் கொடுப்பவள். எட்டு வருடமாக அத்தனையும் இந்த லேப்டாப்பில்தான். இப்போது புதியது வந்துவிட்டது, பழையதை விற்க வேண்டும். அதற்குமுன் ஹார்ட் டிஸ்க்கைச் சுத்தமாக அழிக்க வேண்டும்.

அழித்தே ஆகவேண்டிய கோப்பு ஒன்று அதில் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் அதே அட்டைப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டும் பெண் ஒருத்தி வந்திருந்தாள். அவள் வேலை பார்க்கும் கூடத்தின் பின்கதவை, சரக்கு திருடு போகிறதென்று, ஷிப்ட் முடியும்வரை வெளியே பூட்டிவிடுகிறார்களாம். உள்ளே நாற்பது பேர், சுற்றிலும் காகிதமும் பசையும். ஒரு பொறி விழுந்தால் ஓட இன்னொரு வழியில்லை. சாவி ஸ்டோர் அதிகாரி இடுப்பில். அந்த அதிகாரி யாரென்று மனு அக்காவுக்குத் தெரியும். வந்தவளுக்கு இந்த உறவு தெரியாது. மனு அக்கா சொல்லவுமில்லை. வாயை மூடிக்கொண்டு எழுதினாள்.

பெயர் தெரிந்தால் அந்தப் பெண்ணை மறுநாளே வாசலோடு அனுப்பிவிடுவார்கள். அதனால் முதலாளிக்கு எழுதிய கடிதத்தில் பெயர் இல்லை. ஆனால் கோப்பில் இருந்தது. யாருக்கு எழுதினாலும் அவர் பெயர், தொலைபேசி எண், தேதி என்று போட்டுச் சேமிப்பது மனு அக்காவின் முறை. மொட்டைக் கடிதத்தையும் கைப்பழக்கத்தில் அப்படியே சேமித்துவிட்டாள். புதிய லேப்டாப்புக்கு மாறியபோதுதான் அது கண்ணில் பட்டது.

போதாததற்கு, மெக்கானிக்கைக் கூட்டிவந்ததே தங்கை வீட்டுக்காரர்தான்.

"நமக்குத் தெரிஞ்ச ஆளு அக்கா. கை சுத்தம்."

அந்தச் சுத்தமான கைகளைத்தான் மனு அக்கா காலை பத்து மணியிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். திரையில் விழுக்காடு ஏறியது. பதினொன்று. பன்னிரண்டு. மெக்கானிக்கின் சட்டைப்பையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"அது என்னங்க பையில?"

"டார்ச்."

"கொஞ்சம் எரிச்சுக் காட்டுங்க."

அவர் எரித்துக் காட்டினார். "வாயையும் திறந்து காட்டட்டுங்களா?"

சோபாவில் இரண்டு பேரும் குலுங்கினார்கள். "சகலை, உங்க வீட்ல பட்டாளத்து ரகசியம் எல்லாம் வச்சிருக்கீங்க போல," என்றார் தங்கை வீட்டுக்காரர்.

"கேஸ் சிலிண்டருக்கு எழுதின மனு, தெருவிளக்குக்கு எழுதின மனு. வேறென்ன இருக்கப்போகுது," என்றார் கணவர்.

மனு அக்கா சிரிக்கவில்லை. தங்கை வீட்டுக்காரரின் சிரிப்புதான் அவளை உறுத்தியது. புகார் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். பத்திக்குப் பத்தி எண் போட்டு எழுதுகிறவர் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? அவருக்குச் சந்தேகம் தட்டியிருந்தால், அழிக்காமல் கொடுங்கள் என்பார், கல்யாண போட்டோவை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் என்பார். அப்படிக் கேட்டால் என்ன சொல்வதென்று நான்கு பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தாள். மனிதர் ஒன்றும் கேட்கவில்லை.

"ஒரு தடவை போதுமா? ரெண்டு தடவை அழிச்சுடுங்க. அக்காவுக்கு நிம்மதியா இருக்கும்," என்றார் மெக்கானிக்கிடம்.

கல்யாண வீட்டுக்கே பந்தி முடிந்து வருகிற மனிதர். இன்று ஒன்பதே முக்காலுக்கே வந்து உட்கார்ந்திருந்தார்.

ஒன்று நாற்பதுக்கு வேலை முடிந்தது. மனு அக்கா அலமாரியிலிருந்து நீளநோட்டை எடுத்தாள்.

"நம்பர் சொல்லுங்க."

"எதோட நம்பருங்க?"

"அழிச்ச டிஸ்க்கோடது. வீட்டை விட்டு வெளியே போற சாமானுக்கு அடையாளம் எழுதி வைக்கறது என் வழக்கம்."

மெக்கானிக் பெருமூச்சோடு அடிமூடியைக் கழற்றி, டார்ச் அடித்து எண்ணைப் படித்தார். மனு அக்கா பேனாவை வைத்துவிட்டு நோட்டில் பின்னால் புரட்டினாள். ஐந்து வருடத்துக்கு முன் டிஸ்க் கெட்டுப்போய் மாற்றியபோது கடையில் கொடுத்த ரசீது அங்கே ஒட்டியிருந்தது. அதன் கடைசி எண்கள் 4417. மெக்கானிக் படித்தது 9052.

"திரும்பப் படிங்க."

படித்தார். அதேதான்.

"இது புதுசுங்க," என்றார். "மொத்தமே பதினைஞ்சு மணிநேரம்கூட ஓடலை. ஆரம்பிக்கும்போதே பார்த்தேன். விக்கறதுக்காக நீங்கதான் புதுசு போட்டிருக்கீங்கன்னு நினைச்சேன்."

மனு அக்கா கணவரைப் பார்த்தாள். மேலே இருந்த கால் கீழே இறங்கியது.

"போன வாரம் நீ ஊர்ல இல்லையே, அப்போ..." என்று மென்று விழுங்கினார். "டிஸ்க்கை மாத்தினா வேகமா ஓடும், நல்ல விலைக்குப் போகும்னு சகலை சொன்னாரு. அவரே கொண்டுபோய் மாத்தி, இருந்ததை எல்லாம் அப்படியே இதுல ஏத்திக் கொடுத்தாரு. உனக்கு ஆச்சரியமா இருக்கட்டும்னுதான் சொல்லலை."

"ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றாள். பிறகு தங்கை வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள். "பழைய டிஸ்க் எங்க மாப்பிள்ளை?"

"அதுவா? எங்கேயாவது கிடக்கும் அக்கா. குப்பையில போட்டேனோ என்னவோ."

"உங்க மேஜை டிராயர்லதானே இருக்கு," என்றாள் தங்கை, துணியிலிருந்து தலை நிமிராமல். "நேத்துகூட கம்ப்யூட்டர்ல மாட்டி, சாப்பிடக் கூப்பிட்டும் வராம எதையோ தேடிட்டு இருந்தீங்களே."

மெக்கானிக் அடிமூடியைத் திரும்பப் பொருத்தத் தொடங்கினார்.

தங்கை வீட்டுக்காரர் மெதுவாக எழுந்து சட்டையை நீவிவிட்டுக்கொண்டார். "புதன்கிழமை முதலாளி வர்றாரு அக்கா. எவ எழுதச் சொன்னதுன்னு கேட்பாரு. கையை விரிச்சா என் வேலை போகும். உங்களை நான் காட்டிக்கொடுக்க மாட்டேன், குடும்பம்னு ஒண்ணு இருக்கு. அந்தப் பொண்ணு நமக்கு யாரோ எவளோ."

"கதவைத் திறந்து விட்டா உங்க வேலை ஏன் போகுது?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார். தங்கை மடித்த துணி மடியில் இருக்க, அக்காவையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மனு அக்கா பின்கட்டுக்குப் போய் லேபிள் ஒட்டும் பெண்ணுக்குத் தொலைபேசினாள். பூசி மெழுகவில்லை. கோப்பில் பெயர் போட்டது, டிஸ்க் போன இடம், சாவிக்காரர் தனக்கு என்ன உறவு என்பது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள்.

"உறவுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமேக்கா."

"சொல்லியிருக்கணும். தப்பு என்னோடது."

"கதவு இன்னும் பூட்டித்தான் இருக்கு. இன்னிக்குக் காலையிலகூட இழுத்துப் பார்த்தேன்." கொஞ்சம் பொறுத்து, "இப்போ என்ன பண்ணப்போறீங்க?"

"என் பேரைப் போட்டு எழுதப்போறேன். உன் பேரு வராது."

"எழுதுங்க. நாற்பது பேரு இருக்கோம்னு மறக்காம எழுதுங்க."

மனு அக்கா திரும்பி வந்து காகிதமும் பேனாவும் எடுத்தாள். முதலாளிக்கு. ஒன்று: பெயரில்லாமல் வந்த புகாரை எழுதியவள் நான். இரண்டு: பின்கதவு இன்றும் பூட்டியிருக்கிறது, உள்ளே நாற்பது பேர். மூன்று: சாவி வைத்திருப்பவர் என் தங்கையின் கணவர். நான்கு: என்னிடம் மனு எழுதிக்கொண்டவர்களின் பெயர்கள் அடங்கிய டிஸ்க், எண் 4417 என முடிவது, எனக்குத் தெரியாமல் அவரிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஐந்து: இன்று முதல் உங்கள் தொழிலாளி யாரையாவது வேலையிலிருந்து நிறுத்தினால், அது எதனால் என்று இக்கடிதம் சொல்லும். நகல், தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு.

மெக்கானிக் பையை மூடிக்கொண்டிருந்தார்.

"நீங்க பார்த்ததை ஒரு சீட்டுல எழுதி, கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டாள். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "காலையிலேர்ந்து உங்களைத்தான் சந்தேகப்பட்டேன்."

"எனக்கு அது பழக்கம்தாங்க," என்று அவர் பேனாவை வாங்கினார். "டார்ச்சை எரிக்கச் சொன்னதுதான் புதுசு."

கணவர் கடிதத்தை எட்டிப் படித்தார். "யோசிச்சுக்க. இதுக்கப்புறம் அந்த வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது."

அவள் தங்கையைப் பார்த்தாள்.

"அவரு பேரு அதுல இருக்காக்கா?"

"இருக்கு."

தங்கை கடைசித் துணியை மடித்து அடுக்கின்மேல் வைத்தாள். "டிராயரைப் பத்தி நான் சொல்லாம இருந்திருக்கலாம்," என்றாள். பிறகு எழுந்து, அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாள்.

அஞ்சல் நிலையக் கவுண்டர் மூன்றரைக்கு மூடும். மனு அக்கா மூன்று பத்துக்கு அங்கே நின்றாள். கடிதத்தோடு சீட்டின் பிரதியையும் மடித்துக் கணக்காக இரண்டு உறைகளில் செருகினாள். பசை போதாதோ என்று ஓரங்களில் இன்னொரு தரம் தடவி, கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள்.

"அனுப்புநர் முகவரி எழுதலையே," என்றார் கவுண்டர்க்காரர்.

வாங்கி, தன் பெயரையும் தெருவையும் வீட்டு எண்ணையும் தெளிவாக எழுதிக் கொடுத்தாள். அவர் இரண்டிலும் முத்திரை குத்தி, பின்னாலிருந்த சாக்குப்பையில் போட்டார்.