அம்மாவுக்கு அழ வந்தவள்

கொல்லம் மெயில் சங்கரன்கோவிலில் வந்து நின்றபோது வெயில் நன்றாக ஏறிவிட்டது. கோமதித்தாய் ஒற்றைப் பையோடு இறங்கினாள். அம்மா இறந்த தந்தி மெட்ராசுக்கு வந்ததிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதற்கு அவளிடம் ஒரு சமாதானம் இருந்தது. எல்லாவற்றையும் அம்மாவின் தலைமாட்டில் போய் அழுவதற்கென்று சேர்த்து வைத்திருக்கிறாளாம். வழியெல்லாம் அவள் செய்துகொண்டு வந்ததைச் சொன்னால் கேட்கிற நமக்குத்தான் கூச்சமாக இருக்கும். எந்த வரியில் தொடங்கலாம், எந்தச் சுருதியில் எடுத்தால் மேலே போகத் தோதாக இருக்கும் என்று உதட்டுக்குள் பாடிப் பாடிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

செத்துப்போன இசக்கித்தாய் லேசுப்பட்ட ஆள் இல்லை. வயலில் நாற்று நடுகிறவள்தான். ஆனால் அந்தப் பக்கத்துத் தெருக்களில் எங்கே சாவு விழுந்தாலும் அவள் வந்து உட்கார்ந்தால்தான் அழுகை அழுகையாக இருக்கும். சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். போன இடத்தில் ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டாள். தன் சாவைப் பற்றி மட்டும் அவளுக்குப் பெரிய இறுமாப்பு இருந்தது.

"எனக்கு அழுகதுக்கு ஆளு இருக்குட்டீ. எம் மூத்தவ மெட்ராசுல மைக்குல பாடுதா. அவ வந்து அழுவா பாருங்க" என்று நடவுக்கு வந்த பெண்களிடம் சொல்லிச் சொல்லியே அவர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாள். சின்ன மகள் பேச்சி அதே வரப்பில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். அவள் குரல் கழுதைக் குரல் என்று அம்மாவே சொல்லியிருக்கிறாள்.

கோமதித்தாயைப் பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் வேலையில் இருந்த சிவனாண்டிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அந்தத் தெருக் கோவில் பஜனையில் அவள் பாடியதைக் கேட்டு ஒரு பாட்டு வாத்தியார் சும்மாவே சொல்லிக் கொடுக்க முன்வந்தார். நல்ல மனுஷன்தான். "மூக்கால பாடாதம்மா. நீ மூச்சு வாங்குறது யாருக்கும் கேக்கப்படாது. தொண்டை அடைச்சா பாட்டு போச்சு" என்று சொல்லிச் சொல்லி, அவள் ஊரிலிருந்து கொண்டுபோன குரலை நெல் புடைப்பது போலப் புடைத்து எடுத்தார். பிறகு சினிமாவில் கூட்டத்தோடு பாட இடம் கிடைத்தது. பெயரிலும் 'தாய்' உதிர்ந்து கோமதி ஆனாள். படத்தில் சாவுக் காட்சி வந்தால் "கோமதியைக் கூப்பிடு, கிராமத்து ஆளு" என்பார்கள். மற்றப் பெண்களுக்கு எப்படி விம்ம வேண்டும், தாளத்தில் எந்த இடத்தில் விம்ம வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள். சிரித்துக்கொண்டே சொல்லிக் கொடுப்பாள். அம்மாவிடம் கற்றதை வைத்துத்தான் பிழைக்கிறோம் என்று அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

தெருமுனையில் அவள் தலை தெரிந்ததுமே வாசலில் இருந்த பெண்கள் எழுந்து ஓடி வந்தார்கள். அம்மாவோடு காலமெல்லாம் நடவுக்குப் போன அன்னக்கிளி முன்னால் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"வந்துட்டியா தாயி! ஒனக்காகத்தான் வச்சிருக்கோம். ஒம் பேரச் சொல்லித்தாம்டீ கண்ண மூடினா."

பேச்சி வந்து அக்காவின் பையை வாங்கிக்கொண்டாள்.

அம்மாவை நடுவீட்டில் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் பெரிய பொட்டு. நாற்று முடிந்து முடிந்து காய்த்துப்போன விரல்களை மார்பின் மேல் கோத்து வைத்திருந்தார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டு, கோமதித்தாயை நடுவில் இழுத்துக்கொண்டார்கள். அவள் கண்ணை மூடித் தொடங்கினாள்.

"நாத்து நட்ட கையை எல்லாம்
நான் எங்க தேடுவேன்
என்னப் பெத்த தாயே..."

குரலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படி ஒரு குரல் அந்த வீட்டுக் கூரைக்குள் அதுவரை கேட்டதில்லை. முதல் வரி போய் இரண்டாவது வரியில் சேர்ந்தது, இரண்டாவது மூன்றாவதில் சேர்ந்தது, எங்கேயும் ஒரு விரிசல் இல்லை.

அங்கேதான் கெட்டுப்போனது. இந்த அழுகைக்கு என்று ஒரு முறை இருக்கிறது. முன்னால் எடுக்கிறவளால் ஒரு வரியை முழுசாகச் சொல்லவே முடியக் கூடாது. பாதியில் தொண்டை அடைத்து அவள் நின்றுபோக வேண்டும். அவள் நிற்கிற அந்த இடத்தில்தான் பக்கத்தில் இருப்பவள் பிடித்துக்கொண்டு தன் அழுகையை அழுவாள், அவள் நிற்கிற இடத்தில் அடுத்தவள். செத்தது யாராக இருந்தாலும், பிள்ளையைப் பறிகொடுத்தவள் பிள்ளைக்கும் புருஷனால் உதைபட்டவள் தன் விதிக்கும் அந்த இடத்தில்தான் அழுதுகொள்வார்கள். இசக்கித்தாய் வரிக்கு வரி நின்று நின்று வழி விடுவாள். கோமதித்தாய் எங்கே நின்றாள்? மூச்சு வாங்கியதுகூடத் தெரியவில்லை.

அன்னக்கிளி ஒரு தடவை உள்ளே நுழையப் பார்த்து, முடியாமல் வாயை மூடிக்கொண்டாள். தோளில் கிடந்த கைகள் ஒவ்வொன்றாக மடிக்கு இறங்கின. பெண்கள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். பந்தலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆண்கள் எழுந்து வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே, சத்தம் போடாதிய. பாட்டு நடக்கு" என்று ஒருவர் பின்னால் இருந்தவர்களை அதட்டினார்.

அது கோமதித்தாய் காதில் விழுந்தது. கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் எல்லோரும் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அதுதான் கொடுமை. ஒருத்தி கண்ணிலும் ஈரம் இல்லை.

அவள் பாட்டை நிறுத்தினாள்.

"ஏன் தாயி நிறுத்திட்ட? ரேடியோவுல கேக்க மாதிரில்லா இருக்கு. இன்னொண்ணு படி" என்றாள் ஒருத்தி. மனசாரத்தான் சொன்னாள்.

கோமதித்தாய்க்கு உடம்பெல்லாம் கூசியது. அம்மா இங்கே கிடக்கிறாள், நான் கச்சேரி பண்ணிவிட்டேனே என்று நெஞ்சில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அடித்துக்கொண்டால் அதையும் பார்ப்பார்களே என்று கை எழவில்லை.

அப்போது கதவோரத்தில் அந்தப் பையை இன்னும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்ற பேச்சி, "எம்மா!" என்று ஒரு கத்துக் கத்தினாள். பாட்டும் இல்லை, வரியும் இல்லை. "எம்மா, நேத்து வச்ச கஞ்சி அப்படியே இருக்கேம்மா, குடிக்காம..." என்பதற்குமேல் அவளுக்கு வரவில்லை. அவள் விட்ட இடத்தை அன்னக்கிளி பாய்ந்து பிடித்துக்கொண்டாள். வீடு ஒரே ஓலமாகிவிட்டது. பேச்சியை இழுத்து நடுவில் போட்டுக்கொண்டு வட்டம் இறுகியது. வாசலில் நின்ற ஆண்களும் துண்டை வாயில் வைத்துக்கொண்டு திரும்பினார்கள்.

கோமதித்தாயும் சேர்ந்துகொள்ளப் பார்த்தாள். பார்க்காமல் இல்லை. ஆனால் பேச்சியின் குரல் எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போனது, அதற்குச் சரியாகத் தன் குரலை எங்கே வைப்பது என்று இவள் காது தேடிக்கொண்டே இருந்தது. தேடி முடிப்பதற்குள், குளிப்பாட்டத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைக்கு நேரமாகிவிட்டது என்று தம்பி சங்கரசுப்பு வந்து நின்றான். குளிப்பாட்டினார்கள், கோடி போட்டார்கள், தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போன பிறகு பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக் குளித்து, அவரவர் வீட்டைப் பார்க்கக் கிளம்பினார்கள். அன்னக்கிளி போகும்போது கோமதித்தாயின் கன்னத்தைத் தடவி, "ஒங்கம்மா சொன்னது பொய்யில்ல தாயி. நல்லாப் படிச்ச" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அம்மா கிடந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. பேச்சி ஈரத் தலையோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கோமதித்தாய் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து தோளில் கை போட்டாள்.

"ஏட்டி பேச்சி, நீ இன்னொரு மட்டம் எடுட்டீ. நான் ஒம் பின்னால வாரேன்."

பேச்சி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். தொண்டை கட்டிப்போய்க் காற்றுத்தான் வந்தது.

"இனிம எங்கக்கா வரும்? நாங்க எல்லாரும் அழுது முடிச்சிட்டமே."

சொல்லிவிட்டு அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்தாள். படுத்தவுடன் உறங்கியும் போனாள். அழுது அழுது கண் இரண்டும் வீங்கி, மூக்குச் சிவந்து, முகமே அடையாளம் தெரியாமல் கிடந்தது. கோமதித்தாய் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது.