ஏழு செக்கன் இருட்டு

நாடகக் குழுவில் விளக்குக்காரன் என்றுதான் சொல்வார்கள். ஆனால் மடவளை முஹ்ஸினுக்கு உண்மையான வேலை இருட்டில்தான். ஒரு காட்சி அணைந்து அடுத்தது எரிவதற்குள், மேலே தொங்கும் தானியங்கி விளக்கு யார் கண்ணிலும் படாமல் கழுத்தைத் திருப்பி அடுத்த இடத்தில் போய் நிற்க வேண்டும். அது எத்தனை செக்கனில் திரும்பி எரிய வேண்டும் என்பதை அவன் விளக்குகளை இயக்கும் கொன்சோலில் பதிந்துவைப்பான்.

நடிகர் தியாகராஜாவுக்கு ஏழு செக்கன் வைத்திருந்தான். கால் ஊனமான மனிதர். இருட்டில் மேடை வாசலிலிருந்து கதிரைக்கு வர அவ்வளவு வேண்டும். ஊன்றி ஓரடி, இழுத்து ஓரடி. போன மாதம் பிலிமத்தலாவையில் பஸ்ஸிலிருந்து இறக்கி, யாரோ வெள்ளை வேனில் அவரை ஏற்றிக்கொண்டு போனார்கள்; பிறகு தகவல் இல்லை. அவருடைய மனைவி, மேடையிலும் அவருக்கு மனைவியாக நடித்த கமலாசனி டீச்சர், அவரைத் தேடி ஏறாத அரச கந்தோர் இல்லை. "அவர் உயிரோடைதான் இருக்கிறார்" என்பாள். நாடகத்தையும் நிறுத்த விடவில்லை.

அவர் பாகத்துக்கு விவேகானந்தன் வந்தான். அவனுக்கு மூன்று செக்கன் போதும். முஹ்ஸின் மாற்றிவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தான்.

அன்று மாலை, கண்டி மண்டபத்தில் விளக்கு அணைந்தது. மூன்று செக்கன் கடந்தும் எரியவில்லை. நான்கு, ஐந்து. மேடையில் ஊன்றி ஓரடி, இழுத்து ஓரடி. முஹ்ஸினுக்கு அந்த நடை தெரியும். ஏழில் வெளிச்சம் விழுந்தபோது விவேகானந்தன் எப்போதோ வந்து கதிரையில் உட்கார்ந்திருந்தான். கமலாசனி அவனைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொன்சோலின் திரையில் மூன்று என்றே இருந்தது.

நாடகம் முடிந்ததும் அவள் விளக்கு அறைக்கு ஏறி வந்தாள். "முஹ்ஸின், மறைக்காமல் சொல்லுங்கோ. இண்டைக்கு எத்தினை செக்கன் வைச்சனீங்கள்?"

மூன்று என்றால் அந்த நடை அவருடையது; உயிரோடு இருப்பவன் அப்படி வரமாட்டான் என்று அவளுக்கும் தெரியும். முஹ்ஸின் உள்ளங்கையால் திரையை மறைத்தான்.

"ஏழு, டீச்சர். மாத்த மறந்துட்டேன்."

"அப்ப அந்தச் சத்தம்?"

"லைட் திரும்புற சத்தம். பழைய லைட்தானே."

"நான் பயந்திட்டன்," என்று கமலாசனி ஒரு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள். அவனுக்கு அழுகை வந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள்; முஹ்ஸினுடையது மறுநாள் மாலை வரைதான் நின்றது. பொய்யை மெய்யாக்க அவன் ஏழென்றே பதிந்துவைத்தான். இருட்டில் ஏழு செக்கனும் மண்டபம் மூச்சுவிடாமல் கிடந்தது. சத்தம் போடும் என்று அவன் சொன்ன விளக்கு துளிச் சத்தமில்லாமல் திரும்பியது. ஒருவரும் நடக்கவில்லை.

வெளிச்சம் வந்தபோது கமலாசனி நிமிர்ந்து, அவன் இருந்த பக்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுத்த வசனம் அவளுடையது. அவள் பேசவில்லை.