ஆர்.சி. புத்தகத்தில் அப்பன் பெயர்

பிளைமவுத் காரை ராமதாசுக்கு விற்றபோது நானே வலியப் போய் இருநூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தேன். அதற்கு ஒரே ஒரு நிபந்தனை. ஆர்.சி. புத்தகத்தில் என் பெயரை மாற்றக் கூடாது.

ராமதாஸ் திருவண்ணாமலையில் பந்தலும் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர். மாப்பிள்ளை அழைப்புக்கு மேல்மூடியை மடக்குகிற கார் வேண்டும் என்று மூன்று வருடமாக என் வண்டியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாய்யா இது, வண்டி எனக்கு, பேரு மட்டும் உனக்கா?" என்று சிரித்தார்.

"இருக்கட்டும்ணா. பேரு இன்னா, பெட்ரோலா குடிக்கப் போவுது?"

"எனக்கும் ஆபீசுக்கு அலையற வேலை மிச்சம். இன்சூரன்ஸ் எதுவரைக்கும் இருக்குது?"

"தை வரைக்கும் இருக்குது. நிம்மதியா ஓட்டுங்க."

முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அவர் ரசீது கேட்கவில்லை. நானும் எழுதிக் கேட்கவில்லை. புத்தகம் வண்டியோடு போனது. எழுபத்தெட்டாம் வருடம், ஆனி மாதம்.

பெயர்மேல் அப்படி என்ன ஆசை என்றால், அது என் பெயர்மேல் வைத்த ஆசை இல்லை. என் அப்பன் சின்னப்பையன் குவாரியில் கல் உடைத்தவன். எனக்குப் பன்னிரண்டு வயதில் வெடி வைத்த பாறை சரிந்து செத்தான். அம்மாவும் நானும் கான்ட்ராக்டர் ஆபீசில் போய் நின்றோம். கணக்கப்பிள்ளை ஆள் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தான். மேஸ்திரி பெயருக்கு நேரே 'பத்து ஆள்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"சின்னப்பையன்னு இங்க யாரும் வேலை செய்யலியேம்மா" என்றான். அவ்வளவுதான். ஒரு பைசா வரவில்லை. பிணத்தை மாட்டுவண்டிக்காரன் சும்மா ஏற்றிக்கொண்டு வந்து போட்டான்.

நானும் இருபது வயதுவரை கல் உடைத்தேன். அப்புறம் லாரியில் கிளீனர், பிறகு கீழ்பென்னாத்தூர் மணிலாக்கொட்டை மண்டி ஜெயபால் முதலாளியிடம் டிரைவர். அவர் புதுக் கார் வாங்கியபோது, பழைய பிளைமவுத்தைப் பாதிச் சம்பளத்தில் இரண்டு வருடம் கழித்துக்கொண்டு என் பெயருக்கு எழுதிக் கொடுத்தார். புத்தகத்தில் இங்கிலீசில் அடித்திருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தேன். அப்பாசாமி, தகப்பனார் பெயர் சின்னப்பையன். என் அப்பன் பெயரை அச்சில் நான் பார்த்தது அன்றுதான். போலீஸ் எங்கே நிறுத்திக் கேட்டாலும் ஒருவன் அந்தப் பெயரை வாசித்தாக வேண்டும். வண்டி கைமாறினாலும் அது நடக்கட்டும் என்று நினைத்தேன்.

விற்ற பணத்தில், நானே உடைத்து அடுக்கிக் கட்டிய கல்வீட்டுக்கு மேல்தளம் போட்டேன். பதினோரு வருடம் கீற்றுப் போட்டுக் கிடந்த வீடு.

ஆடி மாதம் டீக்கடையில் பஸ் கண்டக்டர் இராமலிங்கம் சொன்னான்: "வண்டிய வித்துட்டியா? மிச்ச மாசத்துக்கு இன்சூரன்ஸ்காரன் காசு திருப்பித் தருவான்யா. சும்மா வுடாதே."

வீட்டில் சொன்னதும் என் பெண்டாட்டி ஜோதியம்மாள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தை வரைக்கும் இருக்குதுன்னு அந்தாளுகிட்ட சொல்லிட்டு வந்தியே?"

"நான் கட்டுன காசுடி. அவரு வேற போட்டுக்குவாரு."

"போய்ச் சொல்லிட்டியா?"

"சொல்றேன், சொல்றேன்."

சொல்லவில்லை. சொன்னால் வண்டி விலையில் இன்னும் குறைக்கச் சொல்லிக் கேட்பார் என்று பயம். வேலூருக்கு பஸ் ஏறிப் போய், வண்டியை விற்றுவிட்டேன், பாலிசி வேண்டாம் என்று இன்சூரன்ஸ் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி தலையைத் தூக்காமல் கேட்டார்: "ஆர்.சி.ல பேர் மாத்தியாச்சா?"

"ஆச்சுங்க சார்."

வாயில் அது தானாக வந்தது. முப்பத்தெட்டு ரூபாய் மணியார்டரில் வந்தது. அரை கிலோ கறி எடுத்தோம். மீதியில் எனக்கு ஒரு சட்டை.

ஆவணியில் முகூர்த்தம் ஜாஸ்தி. மாப்பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பிய ராமதாசின் டிரைவர், அடி அண்ணாமலை பக்கம் ரோட்டோரம் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த பெண்கள்மேல் வண்டியை ஏற்றினான். மூன்று பேர் எழுந்து ஓடிவிட்டார்கள். பாஞ்சாலை என்பவள் ஓடவில்லை. சம்மட்டியைப் பிடித்தபடியே செத்துக் கிடந்தாளாம். டிரைவர் அன்றைக்கே ஊரைவிட்டு ஓடினான்.

வக்கீல் நோட்டீஸ் ராமதாசுக்குப் போகவில்லை. என் வீட்டுக்கு வந்தது. பாஞ்சாலையின் புருஷன் முருகையன் நஷ்டஈடு கேட்டிருந்தான். நோட்டீசை எடுத்துக்கொண்டு ராமதாசிடம் ஓடினேன். அவர் அதற்குள் இன்சூரன்ஸ் ஆபீசில் விசாரித்து எல்லாம் தெரிந்துவைத்திருந்தார்.

"தை வரைக்கும்னு சொன்னியே அப்பாசாமி? எந்த வருசத்துத் தை?"

"தப்புதாண்ணா. நீங்கதான் வண்டிய வாங்குனீங்கன்னு கோர்ட்டுல ஒரு வார்த்தை..."

"காசை வாங்கித் தின்னவன் நீ. தண்டம் அழறவன் நானா? அன்னிக்கு ஒரு கல்யாணத்துக்கு உன் வண்டிய வாடகைக்கு எடுத்தேன், டிரைவரும் உன் ஆளு. அவ்ளோதான் சொல்லுவேன்."

"சாமி கேக்கும்ணா."

"அது கேக்கட்டும். ஜட்ஜு புத்தகத்தைத்தான் கேப்பாரு. பேரு வேணும்னு அழுதியே, வச்சுக்கோ."

இன்சூரன்ஸ் ஆபீசில் என் கையெழுத்தை என்னிடமே நீட்டினார்கள். "வித்துட்டேன்னு நீதானே எழுதிக் குடுத்தே? அன்னியோட பாலிசி முடிஞ்சு போச்சு."

"அப்போ நான் வித்தது நெசம்தானே சார்? அதையாவது கோர்ட்டுல வந்து சொல்லுங்க."

"யாருக்கு வித்தேன்னு இதுல எழுதலியே. பேர் மாறிடுச்சுன்னு வேற சொல்லியிருக்கே. மாறலியே."

பாலிசிக்கு நான் வண்டியை விற்றவன். புத்தகத்துக்கு விற்காதவன். இரண்டையும் நானேதான் செய்து வைத்திருந்தேன்.

வழக்கு மூன்று வருடம் இழுத்தது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் முருகையன் அதே வேட்டியில் வந்து வராந்தாவில் குந்துவான். கல் தெறித்த தழும்பு முழங்கைவரை இருக்கும். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்து பீடி கொடுத்தேன். வாங்கவில்லை.

"எங்கப்பனும் கல்லு உடைச்சு செத்தவன்தான்" என்றேன்.

"உனுக்குக் கார் இருந்துச்சே" என்றான்.

அந்தப் பீடியை நானே பற்றவைத்துக்கொண்டேன்.

ரசீது எங்கே என்று கேட்டார் ஜட்ஜ். இல்லை என்றேன். தீர்ப்பு எண்பத்தொன்றில் வந்தது. புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர் பதினாலாயிரம் கட்ட வேண்டும். கட்ட முடியவில்லை. வீட்டை ஜப்தி செய்ய உத்தரவு வாங்கினார்கள்.

கோர்ட் அமீனா வந்தபோது கூடவே தமுக்கு அடிப்பவனும், முருகையனும் வந்தார்கள். தெருவே வெளியில் வந்து நின்றது. முருகையன் வீட்டை ஏற இறங்கப் பார்த்தான். சுவரில் கை வைத்தான்.

"யாரு உடைச்ச கல்லு?"

"நான்தான்."

"கார்க்காரன் வூடுன்னு வக்கீல் சொன்னாரு" என்றான். சுவரிலிருந்து கையை எடுத்தான். ஆனால் திரும்பிப் போகவில்லை. போக முடியாது. அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

தமுக்கு மூன்று தட்டுத் தட்டி நின்றது. அமீனா காகிதத்தைப் பிரித்து உரக்கப் படித்தார்: "சின்னப்பையன் மகன் அப்பாசாமிக்குச் சொந்தமான கல்வீடு..."

மறுபடி தமுக்கு. மறுபடி சின்னப்பையன் மகன் அப்பாசாமி. தெருவின் நான்கு மூலைக்கும் போய் அதையே படிக்க வேண்டும் என்பது முறையாம். அவர் போகப் போகப் பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள்.

ஜோதியம்மாள் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். "வா, வந்து நல்லா கேளு" என்றாள். "முப்பத்தெட்டு ரூபாய்க்கு எங்க மாமனார் பேரை ஊருக்கே சொல்றான்."

நான் சாக்கின் வாயைப் பிடித்துக்கொண்டேன். அவள் உரலைத் தூக்கச் சொன்னாள். அதுவும் வீட்டோடு சேர்ந்ததாம், எடுக்கக் கூடாது என்றார் அமீனா.