மாமன் கையால் ஒரு கரண்டி

கப்பலிலிருந்து வந்த மறுநாள் காலை என் அண்ணன் பார்த்திபன் எங்களுக்கு இட்லி பரிமாறினான். பாத்திரத்தைக் கொண்டுவந்து நடுவீட்டில் வைத்துவிட்டு எங்களோடு உட்கார வேண்டியதுதானே? மாட்டானாம். அடுப்பு மேடைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். ஒரு கை முதுகுக்குப் பின்னால். நாங்கள் ஒவ்வொருவராகத் தட்டை ஏந்திக்கொண்டு போக வேண்டும். தட்டுக்கு இரண்டு இட்லி, ஒரு கரண்டி சாம்பார், ஒரு சிரிப்பு. என் மகள் புவனா எக்கி நின்று சாம்பார்க் கரண்டியைப் பிடித்தாள். அண்ணன் அதை வெடுக்கென்று பிடுங்கித் தலைக்குமேல் தூக்கிவிட்டான். குழந்தை மிரண்டுபோய் என் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"அய்யே, இன்னாங்க இது? உங்க கப்பல அங்கியே வுட்டுட்டு வரக் கூடாதா?" என்று அண்ணி நதியா சிரித்தாள். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்குத்தான் புத்தி இல்லை. அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

சொகுசுக் கப்பலில் அவனுக்குச் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையில் பிரஞ்ச் என்று ஒன்று உண்டாம். காலைப் பலகாரமும் மத்தியானச் சாப்பாடும் ஒன்றாகக் கலந்து, உச்சி வெயில் சாய்ந்த பிறகும் ஓடிக்கொண்டிருக்குமாம். முன்பெல்லாம் பஃபே. ஜனங்கள் தாங்களே கரண்டி எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். இவன் காலியான தட்டுகளை எடுப்பான், நிரப்புவான், நடந்துகொண்டே இருப்பான். ஒவ்வொரு சுற்றிலும் சன்னலோரம் கொஞ்சம் நின்று கடலைப் பார்ப்பான். "சோறு போடற வேல மாதிரியே இல்ல, திருவிழால சுத்தற மாதிரி இருக்கும்" என்பான்.

பிறகு ஒரு பயணத்தில் கப்பல் முழுக்க வாந்தி பேதி. கரண்டிக் காம்பு வழியாகக் கைக்குக் கை பரவியது என்று சொன்னார்கள். அதோடு பஃபே ஒழிந்தது. வரிசையாகக் கண்ணாடித் தடுப்பு வைத்து, பின்னால் ஆட்களை நிறுத்தினார்கள். இனிமேல் பயணிகள் எதையும் தொடக் கூடாது, ஊழியர்தான் பரிமாற வேண்டும். என் அண்ணனுக்கு வாய்த்தது கிளறிய முட்டை. இந்தப் பக்கம் ஒருத்தன், அந்தப் பக்கம் ஒருத்தன், நடுவில் இவன். நகர முடியாது. சன்னல் முதுகுப் பக்கம். ஒருநாள் ஒரு வயசான அம்மா எட்டி இவன் கையிலிருந்த கரண்டியை வாங்கித் தானே போட்டுக்கொண்டாள். அம்மா வயசாயிற்றே என்று இவனும் விட்டுவிட்டான். மேற்பார்வையாளன் வந்து மொத்த முட்டையையும் குப்பையில் கொட்டச் சொல்லி, எல்லார் முன்னாலும் திட்டி, இன்னொரு முறை நடந்தால் வீட்டுக்குப் போய்விடு என்றானாம். அதற்குப் பிறகு யார் கை நீண்டாலும் இவன் கை தானாகவே கரண்டியை இழுத்துக்கொள்ளும்.

"கடலு நடுவுலதான் கீறேன் ஆனந்தி. கடலப் பாத்துதான் எவ்ளோ நாளாச்சி" என்றான் ஒருநாள் சாயந்திரம். வாசலில் நின்று எதிரே ஜவ்வாது மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். அவனுக்காவது மறுபடி போய் நிற்பதற்கு ஓர் இடம் இருக்கிறது. எனக்கு அதுவும் இல்லை.

நான் புருஷன் வீட்டை விட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று ஊரெல்லாம் பேச்சு. வரவில்லை, அனுப்பிவிட்டார்கள். அண்ணன் கட்டிய இந்த வீட்டுக்குப் புதுமனை புகுவிழா நடந்தபோது அவன் கடலில் இருந்தான். பரிமாறக் கூலிக்கு ஆள் வைத்திருந்தோம். அந்தப் பையன்கள் சம்பந்தி என்று தெரியாமல் என் மாமனார் பூபாலனை இரண்டாம் பந்திக்கு நிற்கவைத்துவிட்டார்கள். கண்ணமங்கலத்தில் மோட்டார் ரிப்பேர்க் கடை வைத்திருக்கும் மனிதர், நாலு பேர் மதிக்கிறவர். சாப்பிடாமலே போய்விட்டார். அந்த வாரமே என்னையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட்டார். என் புருஷன் ரஞ்சித்குமார் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பையைத் தூக்கிக்கொண்டு வந்தான், அவ்வளவுதான். அப்பா கிழித்த கோட்டைத் தாண்டத் தெரியாது அவனுக்கு. நல்லவன்தான். நல்லவனை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

அண்ணி என்னை ஒரு சொல் சொன்னதில்லை. ஆனாலும் சமையலறையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் அவள் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வேன். புவனா "நம்ம வூட்டுக்கு எப்பம்மா போறோம்?" என்று கேட்கும்போது நம்ம வீடு எது என்று எனக்கே தெரியாது. அங்கே போனால் மாமனார் வைத்ததுதான் சட்டம். இங்கே இருந்தால் நான் ஒரு விருந்தாளி. இருந்தும் எனக்குப் போகத்தான் வேண்டியிருந்தது. குழந்தை அப்பா கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்கிப் பழகியது.

புவனாவுக்குக் காது குத்துவதை வைத்துச் சமாதானம் பேசினார்கள். மாமனார் சொல்லியனுப்பியது ஒன்றே ஒன்று. "தாய்மாமன் மடியில வெச்சி காது குத்தட்டும். மொத பந்தில எங்க ஜனத்துக்கு அவனே அவன் கையால கறிசோறு போடட்டும். நா சாப்ட்டு கையி கெழுவினதும் மருமவள இட்னு போறேன்." கேட்டதும் ஓடிப்போய்ப் பையை எடுத்துவைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை படவேட்டுக் கோயிலில் மொட்டையடித்து, காது குத்தி, வீட்டு வாசல் பந்தலுக்கு வந்தோம். அண்ணன் மடியில் வீறிட்டு அழுத குழந்தை, தாத்தாவைப் பார்த்ததும் ஓடிப்போய் அவர் இலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அவர் அதன் மொட்டைத் தலையைத் தடவினார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கறிக்குழம்பு வாளியும் கரண்டியுமாக வரிசையில் வந்தான். தூணோரம் நின்று பார்த்தேன். அய்யோ, இலைக்கு ஒரு கரண்டி! ஒவ்வொரு கரண்டியிலும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு துண்டு. ஒரு சிரிப்பு. அடுத்த இலை. எங்கள் பக்கம் கறி போடுகிறவன் "வேணாம், வேணாம்" என்று கையை ஆட்ட ஆட்ட இன்னொரு கரண்டி கொட்டிவிட்டுத்தான் நகருவான். இவன் யாரையும் வற்புறுத்தவில்லை. சம்பந்தி ஜனங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அண்ணி, போயி சொல்லேன்" என்று நதியாவின் கையைக் கிள்ளினேன். அவள் கிளம்புவதற்குள் அவன் என் மாமனாரின் இலைக்கு வந்துவிட்டான்.

அவர் தனக்குக் கேட்கவில்லை. பேத்திக்கு ஒரு நல்லி எலும்பு எடுத்துவைக்க நினைத்தார். வலது கை எச்சில், அதனால் முறைப்படி இடது கையை நீட்டிக் கரண்டியைப் பிடித்தார். அண்ணன் கை வெடுக்கென்று கரண்டியைப் பிடுங்கியது. இன்னொரு கை வாளியின் வாயை மூடியது. அவன் வாயிலிருந்து இங்கிலீஷ் வந்தது. "நோ சார், ப்ளீஸ். ஐ வில் செர்வ் யூ."

மாமனாரின் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. அண்ணன் முகத்தில் இரத்தமே இல்லை.

"கறிய ஒளிக்கிறியா தம்பி? நா இன்னா பிச்சைக்கா வந்து குந்திகினு கீறேன்?" குரல் உயரவே இல்லை. பாதிச் சோறு இலையில் கிடக்க எழுந்துவிட்டார். ரஞ்சித்குமார் எழுந்தான். பிறகு அந்த வரிசையே எழுந்தது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை என்பார்களே, அதை என் கண்ணால் பார்த்தேன். கூடத்தில் என் பை வாரைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தது. அவன்மேல் கோபமா, அந்தக் கப்பல்மேலா, இந்த ஒரு கரண்டிக் கறிக்கு என்னைத் தூக்கிப்போட்டு விளையாடுகிறவர்கள்மேலா, எனக்கே தெரியவில்லை.

அண்ணன் வாளியோடு அவர்கள் வந்த வேன்வரை ஓடினான். "மாமா, தெரியாம நடந்துச்சி மாமா. அங்க அப்பிடிப் பழக்கிட்டானுங்க. நீங்க போடுங்க. நா ஒக்கார்றேன், நீங்களே போடுங்க" என்று கரண்டிக் காம்பை அவர் பக்கம் திருப்பி இரண்டு கையாலும் நீட்டினான்.

அவர் வேன் படியில் வைத்த காலைக் கீழே எடுத்துவைத்தார். பிறகு வாங்கிக்கொண்டார்.

மறுபடி பந்தலுக்கு வந்து, காலியான வரிசையில் அண்ணன் ஒருத்தன் மட்டும் புது இலை போட்டு உட்கார்ந்தான். சுற்றி நின்று எல்லாரும் பார்த்தார்கள். மாமனார் சோற்றைக் குவித்தார். கறியைப் போட்டார். அவன் குனிந்து தின்றான். மறுபடி போட்டார். தின்றான். மறுபடி.

"போதுங்க மாமா."

"போதுமா? எங்க வயக்கத்துல அளக்கறதில்ல தம்பி. துன்னு."

குழம்பு இலை தாண்டி அவன் வேட்டியில் இறங்கியது. கண்ணில் தண்ணீர் முட்ட அவன் இரண்டு கையையும் இலைக்குமேல் விரித்து மூடினான். அடுத்த கரண்டி அந்தக் கைகள்மேல் விழுந்தது. அவன் கையை எடுக்கவில்லை. யாரோ சிரித்தார்கள். இது வழக்கமான உபசாரமா, அடியா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் ரஞ்சித்குமாரைப் பார்த்தேன். அவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கோ மலையைப் பார்த்தான்.

மாமனார் முகம் இளகியிருந்தது. திருப்தியாகவே இருந்தார். என் பக்கம் திரும்பினார்.

"வாம்மா. உங்கண்ணனுக்கு உங்கையால ஒரு கரண்டி போட்டுட்டு, பைய எடுத்துகினு வண்டில ஏறு. பொயுது போவுது."

கரண்டி என் கைக்கு வந்தது. ததும்பத் ததும்ப அள்ளியே கொடுத்திருந்தார். மேலாக அந்த நல்லி எலும்பு கிடந்தது. போடாவிட்டால் வேன் என்னை விட்டுவிட்டுப் போகும். போட்டால், இப்படிச் சோறு போட்டே அடிக்கிற வீட்டுக்குத்தான் நான் போகிறேன். "போடும்மா" என்றார் மாமனார் பின்னாலிருந்து.

அண்ணன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குழம்பு வழியும் இரண்டு கைகளையும் மெல்ல இலையிலிருந்து எடுத்து, ஓரத்துச் சோற்றை ஒதுக்கி, நடுவில் எனக்கு இடம் விட்டான்.