ஐந்து ஓட்டை போதும்

எங்கள் வீட்டில் ஒரு பொருள் வாங்குவதும் ஒரு பாலம் கட்டுவதும் ஒன்றுதான். இரண்டுக்கும் கோப்பு வேண்டும். என் மாமனார் முப்பத்துமூன்று வருடம் ஓர் அரசு அலுவலகத்தின் கொள்முதல் பிரிவில் இருந்தவர். ஓய்வு பெற்ற அன்று நாற்காலியை மட்டும் அங்கே விட்டுவிட்டு, பிரிவை அப்படியே வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போன மாதம், துடைப்பம் தேய்ந்துவிட்டது என்று அத்தை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புதுத் துடைப்பம் வந்தது.

அப்படிப்பட்ட வீட்டில் எனக்கு அவசரமாக ஒரு நெட்வொர்க் ஸ்விட்ச் தேவைப்பட்டது.

என் வேலை அப்படி. இணையத்தில் நடக்கும் கூட்டங்களில், பேசுவதைக் கேட்கக் கேட்க எழுத்தாக அடித்துத் திரையில் ஓடவிட வேண்டும். காது கேட்காதவர்கள் அதைப் படித்துத்தான் கூட்டத்தில் கலந்துகொள்வார்கள். வேலையில் சேர்ந்து சோதனைக்காலம் ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒதுக்கப்பட்டதோ வீட்டின் கோடியில் பழைய சாமான் போட்டிருந்த அறை. நடுவில் இரண்டு தடித்த சுவர்கள். வைஃபை அங்கே வந்து சேர்வதற்குள் அதற்கு மூச்சு வாங்கிவிடும். ஏற்கெனவே இரண்டு கூட்டங்களில் பாதியில் அறுந்துவிட்டது. "மூணாவது தடவை அறுந்தா வேற ஆளைத்தான் பாக்கணும், தப்பா நினைக்காதீங்க" என்று மேற்பார்வையாளர் அம்மா சொல்லிவிட்டார். அடுத்த கூட்டம் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு.

கூடத்தில் இருந்த ரௌட்டரில் வயர் சொருகுகிற ஓட்டை ஒன்றே ஒன்றுதான் உருப்படியாக இருந்தது. அதிலிருந்து ஒரு ஸ்விட்சுக்கு வயர் இழுத்து, ஸ்விட்சிலிருந்து அவரவர் கம்ப்யூட்டருக்கு இழுத்தால் பிரச்சினை தீர்ந்தது. உள்ளங்கை அகலப் பெட்டி. சொருகினால் வேலை செய்யும், வேறு வித்தை எதுவும் கிடையாது. நானே பத்து நிமிடத்தில் வாங்கி வந்திருக்கலாம். கல்யாணமான புதிதில் நானாக ஒரு மேசை விளக்கு வாங்கிவந்து, 'அங்கீகாரமில்லாத கொள்முதல்' என்று நாலு நாள் பேச்சு வாங்கிய அனுபவம் கையைக் கட்டியது.

"யாருக்கு என்ன தேவைன்னு எழுதிக் குடுங்க" என்றார் மாமனார்.

கணவர் 'அலுவலக வேலை' என்று எழுதினார். கொழுந்தன் 'பயிற்சி' என்று எழுதினான். நாள் முழுக்கத் துப்பாக்கியால் சுடும் விளையாட்டுக்கு அவன் வைத்திருக்கும் பெயர் அது. அத்தை, "எனக்கு ஒண்ணும் வேணாம்ப்பா. ஆனா டிவி நடுவுல நிக்கக் கூடாது" என்று வாயால் சொன்னார், அது டிவிக்கு ஒன்று என்று பதிவாயிற்று. மாமனார் தனக்கு 'கடிதப் போக்குவரத்து, ஆய்வு மற்றும் இதர' என்று எழுதிக்கொண்டார். நான் வேலை விவரத்தை எழுதி, கீழே 'எட்டு ஓட்டை உள்ளதாக வாங்கவும்' என்று சேர்த்தேன். அதைப் படித்ததும் மாமனாரின் புருவம் ஏறியது.

"மொத்தம் எத்தனை மெஷின்?"

"டிவியோட சேத்து அஞ்சு, மாமா. ஆனா..."

"அஞ்சுக்கு எதுக்கும்மா எட்டு? மூணு ஓட்டை சும்மா கெடக்கும். நாளைக்கு ஆடிட்ல கேட்டா யாரு பதில் சொல்றது?"

எங்கள் வீட்டை ஆடிட் செய்ய யார் வரப்போகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கணவரைப் பார்த்தேன். "அப்பா சொல்றதுலயும் ஒரு நியாயம் இருக்குல்ல" என்றார். ஏழு வருடமாக இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அவர் குடும்பம் நடத்துகிறார்.

மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்கப்பட்டது. இரும்பு உடம்பா பிளாஸ்டிக் உடம்பா என்று ஒப்பீட்டு அட்டவணை தயாரானது. கொழுந்தன் கலர் கலராக விளக்கு எரிகிற ஒன்றைச் சிபாரிசு செய்தான். 'அலங்காரச் செலவு' என்று சிவப்பு மையில் அது அடிபட்டது. இப்படியே ஐந்து நாள் போய், சனிக்கிழமை மாமனாரோடு நானும் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நல்ல மனிதர். ஐந்து ஓட்டைப் பெட்டியை எடுத்து வைத்தவர், "எத்தனை மெஷின் சார்?" என்று கேட்டார்.

"அஞ்சு."

"அப்ப இது பத்தாது சார். லைன் உள்ள வர்றதுக்கே ஒண்ணு..."

மாமனார் கையை உயர்த்தினார். "நான் கேட்டது ரெண்டே விஷயம். விலை, வாரண்டி. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க."

"அதைத்தான் மாமா நானும் சொல்ல வந்தேன்" என்று ஆரம்பித்தேன்.

"விக்கிறவங்க முன்னாடி நம்ம பேசிக்கக் கூடாதும்மா" என்றார் தணிந்த குரலில். கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துக்கொண்டே ரசீது போட்டார். வழியெல்லாம் தொண்டை வற்ற எடுத்துச் சொன்னேன். "கோப்பு மூடியாச்சும்மா" என்று முடித்துவிட்டார்.

ஞாயிறு காலை கூடத்தில் எல்லோரும் கூடினோம். மாமனார் ஒவ்வொரு வயரிலும் வயது வரிசைப்படி சீட்டு ஒட்டினார். அவர் ஒன்று, அத்தையின் டிவி இரண்டு, கணவர் மூன்று, நான் வீட்டுக்கு வந்தவள் என்பதால் கொழுந்தன் நாலு, நான் ஐந்து. ரௌட்டரிலிருந்து வந்த வயருக்கு எண் இல்லை, அது குடும்ப உறுப்பினர் இல்லையே. அதை முதலில் சொருகினார். மற்றவை வரிசையாகப் போயின. கடைசியில் ஐந்தாம் எண் கையிலேயே நின்றுவிட்டது. பெட்டியைத் திருப்பி அடிப்பக்கம்கூடப் பார்த்தார்.

"ஒண்ணு கொறையுதே! கம்பெனிக்காரன் ஏமாத்திட்டான்."

"மாமா, நாளைக்குக் காலையில எனக்குக் கூட்டம். அறுந்தா வேலை போயிரும்" என்றேன்.

"அண்ணி, என் டீமே என்னை நம்பித்தான் இருக்கு" என்றான் கொழுந்தன். அத்தைக்குத் திடீரென்று அடுப்படியில் வேலை வந்துவிட்டது. "நாளைக்கு ஒரு நாள் வைஃபைல சமாளிச்சுக்கோயேன்" என்றார் கணவர். "பிரிச்ச பெட்டிய கடையில எடுக்க மாட்டான். அடுத்த காலாண்டுல இன்னொண்ணுக்குப் போட்டுக்கலாம்" என்று தீர்ப்பு வந்தது. அந்த நிமிடம் எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் தாள் பற்றிக்கொள்ளும்.

திங்கட்கிழமை பத்து மணி ஆகப் பத்து நிமிடம் இருக்கும்போது ஸ்விட்ச் முன்னால் போய் நின்றேன். ஏதோ ஒரு வயரைப் பிடுங்குவது என்று முடிவெடுத்தாகிவிட்டது, எதை என்பதுதான் பாக்கி. கொழுந்தனுடையதைப் பிடுங்கினால் மறு நொடியே வீடு இரண்டாகும். டிவியைப் பிடுங்கினால் அத்தை ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேச மாட்டார். கணவருக்கு வீட்டிலிருந்தே அலுவலக வேலை. ஒவ்வொரு வயருக்கு மேலேயும் ஒரு குட்டிப் பச்சை விளக்கு இருந்தது. அந்த மூன்றும் படபடவென்று சிமிட்டிக்கொண்டிருந்தன. மாமனாருடையது மட்டும் எப்போதாவது ஒருமுறை பேருக்குச் சிமிட்டியது. முன்னறையில் அவர் கம்ப்யூட்டர் முன்னால் தீவிரமாக உட்கார்ந்திருப்பது தெரிந்தது. ஒன்றாம் எண்ணைப் பிடுங்கி என்னுடையதைச் சொருகிவிட்டு ஓடினேன்.

ஒரு தொழிற்சாலையின் பாதுகாப்புக் கூட்டம் அது. வந்திருந்தவர்களில் ஏழு பேருக்குக் காது கேட்காது. விரல்கள் விசைப்பலகையில் ஓட, ஒரு காது மட்டும் முன்னறைப் பக்கமே கிடந்தது. எந்த நேரம் "ஏம்மா!" என்று கூப்பாடு வருமோ? ஒரு மணி நேரம் பத்து நிமிடம். கூப்பாடு வரவில்லை, லைனும் அறுபடவில்லை. முடிவில் அந்த ஏழு பேரில் ஒருவர், 'இன்றைக்குத்தான் ஒரு கூட்டம் முழுவதும் எனக்குப் புரிந்தது' என்று எழுதியிருந்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்னறைக்குப் போனேன். மாமனார் திரையில் தனியாகச் சீட்டாடிக்கொண்டிருந்தார். அதற்கு இணையம் எதற்கு?

"வேகமெல்லாம் எப்படி இருக்கு மாமா?"

"பிரமாதம்மா! ஸ்விட்ச் வந்ததுலேர்ந்து சும்மா பறக்குது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே வந்தேன். பாவமாகவும் இருந்தது. இணையம் வரவில்லை என்று அவர் எப்போது கேட்கிறாரோ அப்போதே சொருகிவிடுவது என்று முடிவு செய்தேன். அவர் கேட்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை எனக்கு வேலை உறுதியான கடிதம் வந்தது. அன்றைக்கே மாமனார் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சான்றிதழ் எழுதினார். 'மேற்படி சாதனம் நேரில் ஆய்வு செய்யப்பட்டது. ஐந்து மெஷின்களும் திருப்திகரமாக இயங்குகின்றன.' சாட்சிக் கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டார்.

"உன் வயரையும் எப்படியோ சேத்துட்டியாமே?"

"சேத்துட்டேன் மாமா. ஒருத்தர் கொஞ்சம் ஒதுங்கிக்கிட்டாங்க, இடம் கெடைச்சுது."

"பாத்தியா? எட்டு வேணும்னு எழுதிக் குடுத்தியே. அஞ்சே தாராளம்" என்றபடி பேனாவை நீட்டினார்.

நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.