திறந்த கண் மூன்று, மூடிய கண் எட்டு

1

இந்தக் கதை என் தப்பிலிருந்து பிறந்தது. முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நேற்றுவரை அந்தத் தப்பைத் தனசேகரன் தலையில் கட்டியிருந்தேன்.

என் முதல் தொடக்கம் இது: 'சந்தவாசலில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தனசேகரன், ஜவ்வாது மலை விவசாயி கோபால்சாமியை எடுத்த படங்களைத் தொலைத்துவிட்டான். கோபால்சாமியின் கண்கள் சிறியவை, பழுப்பேறியவை, எதிரே நிற்பவரை எடை போடுகிறவை. அந்தக் கண்களில்...'

அங்கே நிறுத்தினேன். தனசேகரன் என்று யாரும் கிடையாது. படம் எடுத்தது நான், தொலைத்ததும் நான்.

2

இரண்டு வருடங்களுக்கு முன் மலைக்குப் போயிருந்தேன். [ஒரு கட்டுரைக்காக. அதையும் எழுதவில்லை.] களத்தில் சாமை தூற்றிக்கொண்டிருந்த கோபால்சாமியைப் பதினோரு படம் எடுத்தேன். கேமராவைத் தூக்கினாலே சிரித்தார். சிரித்தால் கண் மூடிக்கொண்டது.

"கண்ண மூடாம அவுருக்குச் சிரிக்க வராதுங்க," என்றார் மனைவி கெங்கம்மாள்.

அடுத்த தடவை வரும்போது பிரிண்ட் போட்டுக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, என் நம்பரையும் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டில் படங்களைக் கணினியில் ஏற்றினேன். கண் மூடிய எட்டையும் அழித்தேன். திறந்த மூன்றை வைத்துக்கொண்டேன். அடுத்த தடவை என்று ஒன்று வரவேயில்லை.

3

போன திங்கட்கிழமை கெங்கம்மாள் கூப்பிட்டார்.

"சார், அவுரு போய்ட்டாருங்க. ஞாயித்துக்கெழம காரியம். நீங்க புடிச்ச போட்டோவ எடுத்துகினு வாங்க. வூட்ல ஆதார் கார்டுல இருக்கிறதுதான். அதுல போலீஸ்ல மாட்டுன மாதிரி முழிக்கிறாரு."

"கொண்டு வர்றேங்க" என்று சொன்ன பிறகுதான் கணினியைத் திறந்தேன். படத் தொகுப்பில் அந்த வருடமே இல்லை. மார்ச் மாதம் இடம் போதவில்லை என்று எல்லாவற்றையும் புது டிஸ்குக்கு மாற்றினேன். மாறி முடியும் முன்பே பழையதைக் காலி செய்திருக்கிறேன்.*

* முதலில் 'காலியாகிவிட்டது' என்று எழுதியிருந்தேன், என்னவோ தானாகக் காலியானதுபோல.

4

திருப்பத்தூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் அருண்ராஜ் அந்தப் பழைய டிஸ்கோடு நாலு நாள் போராடினார்.

"சார், நீங்க வச்சிருந்த மூணும் தேறல. பாதிக்கு மேல வெறும் சாம்பல் கலரு, மொகமே தெரியல. நீங்க அழிச்சீங்க பாருங்க, அதுல ஒண்ணு முழுசா வந்துருக்குது."

திரையில் கோபால்சாமி. தலைமுடியில் சாமை உமி, வாய் நிறையச் சிரிப்பு, இறுக மூடிய கண். எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைத்தான் வேண்டாம் என்று தள்ளியிருக்கிறேன்.

கெங்கம்மாளுக்குப் போன் போட்டு, படம் கிடைத்துவிட்டது என்றேன்.

"கண்ணு தெறந்துருக்குதா சார்? மூடியிருந்தா பொணத்துக்கு மால போட்டாப்பல இருக்கும். பாக்குற ஜனம் இன்னா சொல்லும்?"

லைன் கட்டானது. மலையில் டவர் அப்படித்தான். [இல்லை, நான்தான் வைத்தேன்.]

அருண்ராஜ் கேட்டுக்கொண்டிருந்தார். "கண்ண தெறந்துடலாம் சார். ஆதார்ல இருக்கிறது புள்ளி புள்ளியா இருக்கும், ஆவாது. வேற யாருதாவது வைக்கணும். உங்களுதே பொருந்தும்னு நெனைக்கிறேன்."

பத்து நிமிஷ வேலை. பொருந்தியது.

5

முடிவு ஒன்று: கண் திறந்த படத்தைக் கொடுக்கிறேன். கெங்கம்மாள் நன்றி சொல்லி மாலை போடுகிறார். வருகிறவர் போகிறவரை எல்லாம் சுவரிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

முடிவு இரண்டு: கண் மூடிய படத்தைப் பார்த்ததும் அவர் சிரித்துவிட்டு... வேண்டாம். இது அவர் செய்வது அல்ல, நான் ஆசைப்படுவது.

முடிவு மூன்று: இரண்டையும் நீட்டி அவரையே எடுத்துக்கொள்ளச் சொல்வது. நல்ல யோசனைதான். ஆனால் அந்தக் கண் யாருடையது என்று கேட்டுவிட்டால்?

6

இன்று ஞாயிறு. திருப்பத்தூரில் மலை பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மடியில் உறை, உறைக்குள் இரண்டு பிரிண்ட்.

ஒன்று பாக்கி இருக்கிறது. முதல் பகுதியில் கோபால்சாமியின் கண்ணைப் பற்றி ஒரு வரி படித்தீர்கள். சிறியவை, பழுப்பேறியவை, எடை போடுகிறவை. அவர் கண் எப்படி இருந்தது என்று எனக்கு ஞாபகமே இல்லை. என் வீட்டுக் கண்ணாடியைப் பார்த்துத்தான் அதை எழுதினேன். நீங்கள் நம்பியிருப்பீர்கள். நீங்கள் அவரைப் பார்த்ததில்லை. கெங்கம்மாள் முப்பது வருடம் பார்த்திருக்கிறார்.

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார். எந்தப் படத்தை மேலே வைக்கட்டும்? சொல்லுங்கள்.